ஒரே ஒரு மூலக்கூறுக்குக் கரண்ட் கொடுத்து, ஒவ்வொரு ஃபோட்டானாக எடுப்பது எப்படி

லேசரை எவ்வளவு மங்கலாக்கினாலும் அது ஃபோட்டான்களை, அதாவது ஒளித் துகள்களை, ஒவ்வொன்றாகத் தரும் ஒளி மூலம் ஆகிவிடாது, முதலில் இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு துடிப்புக்கு சராசரியாக 0.1 ஃபோட்டான் என்கிற அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு துடிப்புகள் காலியாகப் போகும், சுமார் ஒன்பது துடிப்புகளில் ஒரே ஒரு ஃபோட்டான் இருக்கும், மீதி அரை சதவீதத்தில் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும். காலியில்லாத துடிப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அதில் ஏறக்குறைய 5 சதவீதத்தில் ஒன்றுக்கு மேல் ஃபோட்டான் இருக்கிறது. குவாண்டம் முறையில் ரகசியச் சாவி அனுப்பும்போது ஒட்டுக்கேட்கிறவருக்கு அந்த 5 சதவீதமே பெரிய வாய்ப்பு. ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு இன்னொன்றை அனுப்பிவிடலாம், யாருக்கும் தெரியாது.

ஒற்றை மூலக்கூறால் அப்படி இரண்டு தர முடியாது. அது ஒரு ஃபோட்டானை விட்டதும் அடிநிலைக்கு வந்துவிடும், மறுபடி ஆற்றல் ஏறினால்தான் அடுத்தது வரும். 1992-ல் பாஷே, மோர்னர், ஓரி, தலோன் ஆகிய நால்வரும் ஒரு பென்டசீன் மூலக்கூறை வைத்து இதைக் காட்டினார்கள், ஆனால் கடுங்குளிரில். 2000-ல் லூனிஸும் மோர்னரும் டெரிலீன் என்கிற ஒளிர் சாய மூலக்கூறை வைத்து அறை வெப்பநிலையிலேயே ஒற்றை ஃபோட்டான்களை எடுத்தார்கள். இரண்டிலும் ஆற்றல் ஏற்றியது லேசர். ஒரு சின்ன ஒளி மூலத்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு லேசரையும் அதைக் குவிக்கும் லென்ஸ்களையும் வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்றால் அதைச் சிப்பில் ஏற்றுவது கஷ்டம். இரண்டு ஒயர் கொடுத்து மின்சாரத்தால் அதே வேலையைச் செய்ய முடிந்தால் கதை வேறு.

மின்சாரத்தால் செய்வதில் குவாண்டம் புள்ளிகள் (நானோமீட்டர் அளவுள்ள குறைக்கடத்தித் துணுக்குகள்) முந்திக்கொண்டன, 2002-லேயே வந்துவிட்டன, ஆனால் குளிரில்தான். அவற்றில் எலக்ட்ரானும் ஹோலும் (எலக்ட்ரான் இல்லாத காலியிடம், நேர்மின்னூட்டம் போல நடந்துகொள்ளும்) சேர்ந்திருக்கும் பிணைப்பு பலவீனம். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் சுமார் 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட், கரிம மூலக்கூறில் அந்தப் பிணைப்பு 1 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு இருக்கிறது. வெப்பம் அதை அசைக்கவே முடியாது. ஸ்டுட்கார்ட்டில் யோர்க் ராக்ட்ரூப் குழுவினர் வூர்ட்ஸ்பர்க்கின் யென்ஸ் ஃப்ளாமோடு சேர்ந்து 2012-ல் வெளியிட்ட வேலை இந்தப் பலத்தை நம்பித்தான் நடந்தது: ஓஎல்இடிக்குள் (கரிமப் பொருளால் ஆன ஒளிரும் டயோடு) ஒற்றை மூலக்கூறு, அறை வெப்பநிலை, மின்சாரத்தால் ஒற்றை ஃபோட்டான். கீழே நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்த வழியைப் பற்றியது. இன்னொரு வழி எஸ்டிஎம் என்கிற ஊசி நுண்ணோக்கியின் முனையை மூலக்கூறுக்கு மிக அருகே, தொடாமல், கொண்டுவந்து எரியவைப்பது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் மூலக்கூறை எரியவைப்பது சுலபமான பாதி. சுற்றியிருக்கும் மற்ற எல்லாவற்றையும் இருட்டாக வைப்பதுதான் கஷ்டமான பாதி. பொருளைத் தேர்ந்தெடுப்பது, கழுவுவது, கரைப்பது, அளப்பது என்று ஒவ்வொரு கட்டத்திலும் இந்த ஒரு கேள்வியையே கேளுங்கள்: வேறு எங்கிருந்து வெளிச்சம் வரும்?

எந்த மூலக்கூறு?

மின்சாரத்தில் எலக்ட்ரானும் ஹோலும் தற்செயலாகச் சந்திக்கின்றன, அதனால் நான்கில் ஒன்றுதான் சட்டென்று ஒளிரும் சிங்கிளெட் நிலைக்குப் போகும், மூன்று ட்ரிப்ளெட் நிலைக்குப் போய்விடும் (எலக்ட்ரான்களின் சுழற்சி எப்படிச் சேர்கிறது என்பதில் வேறுபடும் இரண்டு நிலைகள் இவை). டெரிலீன் மாதிரி சாதாரண ஒளிர் மூலக்கூறில் ட்ரிப்ளெட் நிலை ஒரு பொறி, உள்ளே விழுந்தால் வெளிச்சமில்லாமல் நெடுநேரம் அங்கேயே கிடக்கும். லேசரில் அடிக்கும்போது அந்த நிலைக்கு எப்போதாவதுதான் போகும், மின்சாரத்தில் பெரும்பாலும் அங்கேதான் போகும். அதனால் இரிடியம் உள்ள பாஸ்பரசென்ட் மூலக்கூறுகளைத் தேடுங்கள். இரிடியம் கனமான அணு, அதன் சுழற்சி-சுற்றுப்பாதைப் பிணைப்பு வலுவாக இருப்பதால் ட்ரிப்ளெட்டிலிருந்தே வெளிச்சம் வந்துவிடும். ஸ்டுட்கார்ட் குழு எடுத்தது ட்ரிஸ்(1-பினைல்ஐசோகுயினோலின்) இரிடியம், ஐஆர்(பிஐக்யூ)3 என்று எழுதுவார்கள். சிவப்பு, சுமார் 620 நானோமீட்டர், ஆயுட்காலம் ஒரு மைக்ரோ நொடி அளவில்.

அந்த ஒரு மைக்ரோ நொடி நல்லதா கெட்டதா என்றால் இரண்டும்தான். நொடிக்கு அதிகபட்சம் பத்து லட்சம் ஃபோட்டான் என்று வரம்பு விழுந்துவிடுகிறது, வேகமான மூலம் வேண்டுமென்றால் இது போதாது. ஆனால் அளப்பது ரொம்பச் சுலபமாகிறது, ஏன் என்று பிறகு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். முதல் முறை செய்கிறவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன்.

ஹோஸ்ட், அதாவது இந்த மூலக்கூறைச் சுற்றி நிரப்பும் பொருள், இரண்டு குணம் உள்ளதாக இருக்க வேண்டும். சிவப்பு மூலக்கூறின் ஹோமோ (எலக்ட்ரான் நிரம்பியவற்றில் மிக உயர்ந்த ஆற்றல் நிலை), லூமோ (காலியானவற்றில் மிகத் தாழ்ந்த நிலை) இரண்டுமே ஹோஸ்டின் அதே இரண்டு நிலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிக்குள் விழ வேண்டும், அப்போதுதான் ஓடிவரும் எலக்ட்ரானும் ஹோலும் தானாக அதில் சிக்கும். இன்னொன்று, ஹோஸ்டின் சொந்த வெளிச்சம் சிவப்பிலிருந்து எட்டத்தில் இருக்க வேண்டும். பிவிகே என்கிற பாலிவினைல்கார்பசோல் ஊதா-நீலத்தில், 410 நானோமீட்டர் பக்கத்தில் ஒளிர்வதால் கையாள வசதி. எலக்ட்ரானை அது சரியாகக் கடத்தாது, அதற்காக எலக்ட்ரான் கடத்தும் ஓஎக்ஸ்டி-7 கலந்துகொள்வது வழக்கம். ஆனால் ஒரு எச்சரிக்கை: இந்தக் கலவைக்குக் கரண்ட் கொடுத்தால் அதன் நிறமாலைக்கு ஒரு நீண்ட வால் இருக்கும், அது சிவப்பு வரைக்கும் மங்கலாக நீளும். சாதாரண ஓஎல்இடி செய்கிறவர் அந்த வாலைக் கண்டுகொள்ளவே மாட்டார். உங்களுக்கு அதுதான் முதல் எதிரி.

எவ்வளவு கலப்பது?

கடையில் கிடைக்கும் ஓஎல்இடியில் ஒளிரும் மூலக்கூறு சில சதவீதம் இருக்கும். இங்கே எவ்வளவு என்று ஒரு தாளில் கணக்குப் போடலாம். 10 சதுர மைக்ரோமீட்டருக்கு ஒரு மூலக்கூறு இருந்தால் நுண்ணோக்கியில் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும். படலத்தின் தடிமன் 50 நானோமீட்டர் என்றால் அந்த இடத்தின் கன அளவு அரை கன மைக்ரோமீட்டர், அதில் இருக்கும் பிவிகே சுமார் 6×10⁻¹³ கிராம். ஐஆர்(பிஐக்யூ)3-ன் மூலக்கூறு எடை 805, ஆக ஒரு மூலக்கூறு 1.3×10⁻²¹ கிராம். வகுத்தால் நூறு கோடியில் இரண்டு பங்கு. இதுதான் உங்கள் செறிவு.

இதைத் தராசில் நிறுத்து எடுக்க முடியாது என்பது சொல்லாமலே புரியும். ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று தாய்க்கரைசல் ஒன்றைக் குளோரோபென்சீனில் செய்துகொள்ளுங்கள், அதை நூறு மடங்காக மூன்று முறையும் கடைசியில் ஒரு முறை ஐம்பது மடங்காகவும் நீர்க்கச் செய்யுங்கள், மொத்தம் ஐந்து கோடி மடங்கு. கடைசி நீர்ப்பை மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் ஹோஸ்ட் உள்ள கரைசலிலேயே செய்துவிட்டால் விகிதம் சரியாக வந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதுக் குப்பி, புது பைப்பெட் முனை, இதில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. தாய்க்கரைசலைத் தொட்ட முனையை நான்காவது குப்பியில் விட்டீர்கள் என்றால் அந்த ஒரு துளியின் மிச்சமே உங்கள் செறிவை ஆயிரம் மடங்கு ஏற்றிவிடும். தாய்க்கரைசலை முடிந்தால் வேறு மேசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் செறிவில் வேலை செய்யும்போது 99.9 சதவீதம் தூய்மையான கரைப்பான் என்பதெல்லாம் தூய்மையே இல்லை, அந்த மீதி 0.1 சதவீதம் உங்கள் மூலக்கூறைவிட கோடிக்கணக்கான மடங்கு அதிகம். நிறமாலை அளவைக்கென்று விற்கும் கரைப்பானை வாங்குங்கள், ஹோஸ்டை மறுபடிகமாக்கியோ வீழ்படிவாக்கியோ சுத்தம் செய்யுங்கள். அப்புறம், மூலக்கூறே கலக்காத வெறும் ஹோஸ்ட் டயோடு ஒன்றை ஒவ்வொரு தடவையும் கூடவே செய்யுங்கள். அதே நாள், அதே கரைப்பான், அதே கண்ணாடி. அதில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அன்றைய சாம்பிளை ஓரமாக வைத்துவிட்டு அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். இந்தச் சோதனை இல்லாத முடிவை நான் நம்ப மாட்டேன்.

டயோடு கட்டுவது

வழக்கமான ஓஎல்இடிதான், ஒரே மாற்றம் கண்ணாடியில். ஐடிஓ (மின்சாரம் கடத்தும் ஒளிபுகும் பூச்சு) பூசிய கண்ணாடி பொதுவாக 1.1 மில்லிமீட்டர் தடிமனில் வரும், அதில் நுண்ணோக்கியின் எண்ணெய் ஆப்ஜெக்டிவ் லென்ஸ் குவியாது. 170 மைக்ரோமீட்டர் கவர் கிளாஸில் ஐடிஓ பூசியதை வாங்குங்கள். விலை கூடுதல், கைபட்டால் உடையும், ஆனால் 1.4 எண் துளை (எவ்வளவு அகலமான கோணத்தில் வெளிச்சத்தை வாங்கும் என்பதற்கான எண்) உள்ள லென்ஸை வைத்து வெளிச்சத்தைச் சேகரிக்க வேறு வழியில்லை. ஒரு மூலக்கூறிலிருந்து வரும் வெளிச்சத்தில் எதையும் வீணாக்கும் நிலையில் நாம் இல்லை.

சோப்பு நீர், அசிட்டோன், ஐசோபுரோப்பனால் என்று வரிசையாக அல்ட்ராசோனிக் குளியல், பிறகு யுவி-ஓசோன். அதன்மேல் பெடாட்-பிஎஸ்எஸ் என்கிற மின்சாரம் கடத்தும் பாலிமரைச் சுமார் 40 நானோமீட்டர் ஸ்பின் செய்து, அதாவது சுழற்றிப் பூசி, சூடான தட்டில் ஈரம் போகும்வரை வையுங்கள். அடுத்து நைட்ரஜன் குளோவ் பாக்ஸுக்குள் ஒளிரும் படலம். அதன்மேல் நேராக அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்துவிடாதீர்கள், உலோகம் சில பத்து நானோமீட்டர் தூரத்தில் இருந்தாலே மூலக்கூறின் ஆற்றலை உறிஞ்சிவிடும். நடுவில் டிபிபிஐ மாதிரி எலக்ட்ரான் கடத்தும் படலம் 30, 40 நானோமீட்டர் போட்டு, லித்தியம் புளோரைடு ஒரு நானோமீட்டர், அதன்மேல் அலுமினியம். கடைசியாக எபாக்சியும் ஒரு கண்ணாடி மூடியும் வைத்துக் காற்றுப் புகாமல் அடைத்துவிடுங்கள். உள்ளே புகும் ஆக்சிஜன் சாதாரண ஓஎல்இடியின் பிரகாசத்தைக் கொஞ்சம் குறைக்கும், உங்களிடம் இருப்பதோ ஒரே மூலக்கூறு, அது போனால் எல்லாமே போயிற்று.

எரியவைத்துத் தேடுவது

முதலில் மின்சாரம் வேண்டாம். பச்சை லேசரால் ஸ்கேன் செய்து சிவப்புப் புள்ளிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு வரைபடம் எடுங்கள். பிறகு லேசரை நிறுத்தி, வெளிச்சம் தொடங்கும் வோல்டேஜுக்குச் சற்று மேலே வைத்து அதே இடத்தை மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். எல்லாப் புள்ளியும் எரியாது, படலத்தில் கரண்ட் எல்லா இடத்திலும் சமமாக ஓடுவதில்லை. இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும் புள்ளிதான் உங்களுக்கு வேண்டியது. மின்சாரத்தில் மட்டும் தெரிகிற புள்ளி பெரும்பாலும் கரண்ட் கசியும் ஓட்டை.

கண்டுபிடித்ததும் கை பரபரக்கும், வோல்டேஜை ஏற்றிப் பார்க்கத் தோன்றும். ஏற்றாதீர்கள். மூலக்கூறு ஒரு கட்டத்துக்கு மேல் பிரகாசமாகாது, அதன் ஆயுட்காலம் விடாது. ஹோஸ்டின் வெளிச்சமோ கரண்ட் ஏற ஏற ஏறிக்கொண்டே போகும். அதாவது வோல்டேஜை ஏற்றினால் படம் பளிச்சென்று ஆகும், அளவீடு கெட்டுப்போகும். மங்கலான படம், குறைந்த கரண்ட், 620 நானோமீட்டரைச் சுற்றியுள்ள நிறத்தை மட்டும் விடும் குறுகலான பேண்ட்பாஸ் ஃபில்டர், இந்த மூன்றும்தான் நல்லது.

எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது. மூலக்கூறின் வெளிச்சம் மொத்தத்தில் எத்தனை பங்கு என்று பாருங்கள், அதை வர்க்கப்படுத்தி ஒன்றிலிருந்து கழித்தால் அதுதான் நீங்கள் எதிர்பார்க்கக்கூடிய ஜி2(0), அதாவது இரண்டு ஃபோட்டான் ஒரே நேரத்தில் வருவது தற்செயலாக வருவதோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்பதற்கான எண். இந்த எண் 0.5-க்குக் கீழே போனால்தான் ஒற்றை மூலம் என்று சொல்லலாம், ஏனென்றால் ஒரே பிரகாசமுள்ள இரண்டு மூலக்கூறு இருந்தால் சரியாக 0.5 வரும். அந்த 0.5-ஐத் தொடவே மூலக்கூறின் வெளிச்சம் பின்னணியைப் போல 2.4 மடங்கு வேண்டும். 0.1-க்கு வர வேண்டுமென்றால் பதினெட்டரை மடங்கு. அளக்க உட்காருவதற்கு முன்பே புள்ளியின் மேல் ஒரு எண்ணிக்கை, பக்கத்தில் இருட்டான இடத்தில் ஒரு எண்ணிக்கை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். தேறாத புள்ளியில் நேரத்தை வீணடிக்க வேண்டாம்.

இரண்டு டிடெக்டர்

அளக்கும் முறை ஹான்பரி பிரவுனும் ட்விஸ்ஸும் 1956-ல் கொடுத்தது. வெளிச்சத்தைப் பாதிப் பாதியாகப் பிரிக்கும் பீம் ஸ்பிளிட்டர், இரண்டு பக்கமும் ஒற்றை ஃபோட்டானை எண்ணும் அவலாஞ்ச் டிடெக்டர், நேரத்தைக் குறிக்கும் ஒரு கார்டு. ஒரு ஃபோட்டான் இரண்டு பக்கமும் போக முடியாது, ஆகவே இரண்டு டிடெக்டரும் ஒரே நேரத்தில் அடிக்கும் நிகழ்வு பூஜ்ஜிய நேர வித்தியாசத்தில் குறைந்து ஒரு பள்ளமாகத் தெரியும்.

இப்போது நான் சொன்ன கணக்கு. ஒவ்வொரு டிடெக்டரிலும் நொடிக்கு 5,000 எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தின் அகலம் மைக்ரோ நொடி அளவில் இருப்பதால் 100 நானோ நொடிக் கட்டங்களாகப் பிரித்தால் போதும், ஒரு மணி நேரத்தில் ஒரு கட்டத்துக்கு 9,000 நிகழ்வுகள் சேரும், வளைவு அழகாக வரும். அதே எண்ணிக்கையில் ஒரு நானோ நொடிக்கும் குறைவான ஆயுட்காலம் உள்ள மூலக்கூறை அளக்க 100 பிக்கோ நொடிக் கட்டம் வேண்டும், அப்போது அதே ஒரு மணி நேரத்தில் கட்டத்துக்கு 9 நிகழ்வுதான். பாஸ்பரசென்ட் மூலக்கூறில் ஆரம்பியுங்கள் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

அவலாஞ்ச் டிடெக்டரில் ஒரு தொல்லை உண்டு. ஒரு ஃபோட்டானைப் பிடித்ததும் அதுவே மெல்லிய அகச்சிவப்பு வெளிச்சத்தை விடும், அது பீம் ஸ்பிளிட்டர் வழியாக அடுத்த டிடெக்டரில் விழுந்து, பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் பொய்யான முகடுகளைக் காட்டும். இரண்டு டிடெக்டருக்கும் முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் ஷார்ட்பாஸ் ஃபில்டர் போட்டால் சரியாகிவிடும்.

எஸ்டிஎம் வழி

உங்கள் ஆய்வகத்தில் மிகை வெற்றிடத்தில் 4, 5 கெல்வினில் ஓடும் எஸ்டிஎம் ஏற்கெனவே இருந்தால் இந்த வழி இன்னும் துல்லியமானது, எந்த மூலக்கூறு எரிகிறது என்று உங்களுக்கே தெரியும். 2003-ல் சியூ, நாசின், ஹோ மூவரும் ஒரு போர்பிரின் மூலக்கூறைக் கரண்டால் ஒளிரவைத்தார்கள், அலுமினியம் ஆக்சைடு படலம் ஒன்றின்மேல். பிறகு ஸ்டுட்கார்ட்டின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் 2015-ல் சி60 படலங்களிலும், சீனாவின் ஹெஃபேய் நகரில் டோங் சென்சாவ், ஹோ ஜியான்குவோ குழுவில் 2017-ல் தனித்த ஒரு துத்தநாக தாலோசயனின் மூலக்கூறிலும் ஒற்றை ஃபோட்டான் பள்ளத்தைப் பார்த்தார்கள்.

இங்கே முக்கியமானது உப்பு. சமையலறையில் இருக்கும் அதே சோடியம் குளோரைடு, வெள்ளிப் படிகத்தின்மேல் மூன்று நான்கு அணு அடுக்கு, மொத்தமே ஒரு நானோமீட்டர்தான். அது இல்லாமல் மூலக்கூறை உலோகத்தின்மேல் வைத்தால் வெளிச்சம் அணைந்துவிடும், அதிகமாகப் போட்டால் கரண்ட் போகாது. வெள்ளியை ஆர்கான் அயனியால் அடித்து, சூடாக்கிச் சுத்தம் செய்து, உப்பை ஆவியாக்கிப் படியவைத்து, பிறகு குளிர்ந்த பரப்பின்மேல் மூலக்கூறுகளை மிக லேசாகத் தூவுங்கள். ஊசியும் வெள்ளியாக இருக்கட்டும், ஊசிமுனைக்கும் பரப்புக்கும் நடுவே உருவாகும் பிளாஸ்மான்தான் (உலோக எலக்ட்ரான்களின் கூட்டு அலைவு) மூலக்கூறின் வெளிச்சத்தைப் பெருக்குகிறது. சாம்பிளில் மைனஸ் 2.5 வோல்ட் அளவில் வைத்தால் தாலோசயனின் 1.9 எலக்ட்ரான் வோல்ட்டில், அதாவது 650 நானோமீட்டர் பக்கத்தில், கூர்மையான கோடு ஒன்றைக் காட்டும். ஊசியை மூலக்கூறின் நட்டநடுவில் வைக்காதீர்கள், சமச்சீர் காரணமாக அங்கே மங்கல். தாலோசயனின் நான்கு இதழ் பூவைப் போலத் தெரியும், அந்த இதழ்களில் ஒன்றின் ஓரத்தில் வையுங்கள்.

100 பிக்கோ ஆம்பியர் என்றால் நொடிக்கு 62 கோடி எலக்ட்ரான், அதில் லட்சத்துக்கு ஒன்று ஃபோட்டானாக மாறினாலும் ஆறாயிரம்தான், டிடெக்டருக்கு வருவதற்குள் இன்னும் குறையும். பிளாஸ்மான் ஆயுட்காலத்தையும் ஒரு நானோ நொடிக்குக் கீழே இழுத்துவிடுகிறது, அதனால் ஃபோட்டான் வந்த நேரத்தைக் குறிப்பதில் 50 பிக்கோ நொடி தடுமாற்றமுள்ள டிடெக்டர் வாங்குங்கள். 350 பிக்கோ நொடி உள்ளதை வைத்தால் பள்ளம் நிரம்பிப்போய், நல்ல மூலக்கூறே சுமாராகத் தெரியும். பல மணி நேரம் ஊசி நகராமல் இருக்க வேண்டும், அது தனிக் கலை.

கேட்கும்போது ஒன்று

விடாமல் கரண்ட் ஓடினால் ஃபோட்டான்கள் ஒவ்வொன்றாக வரும், ஆனால் எப்போது வரும் என்று தெரியாது. பட்டனை அழுத்தினால் ஒன்று என்று வேண்டுமானால் துடிப்பு கொடுக்க வேண்டும், ஓஎல்இடியில் இதற்கு இரண்டு தடைகள். ஒன்று, டயோடின் மின்தேக்கம்: ஒரு சதுர மில்லிமீட்டர் டயோடு 100 நானோமீட்டர் தடிமனில் சுமார் 0.27 நானோஃபாரட், ஐடிஓவின் தடை 100 ஓம் என்றால் ஏறி இறங்க 27 நானோ நொடி, இது பரவாயில்லை. இரண்டாவதுதான் பெரியது. கரிமப் பொருளில் மின்னூட்டங்கள் மெதுவாக ஊர்கின்றன, 5 வோல்ட்டில் அந்தப் படலத்தைக் கடக்க இரண்டு மைக்ரோ நொடிகூட ஆகலாம். நீங்கள் துடிப்பை நிறுத்திய பிறகும் உள்ளே மிச்சமிருப்பவை மூலக்கூறைத் தேடி வந்து இரண்டாவது ஃபோட்டானை எழுப்பிவிடும். இதற்கு டயோடைச் சின்னதாக்குவது உதவாது. துடிப்பு முடிந்த உடனே சில வோல்ட் எதிர்த்திசையில் கொடுத்து மிச்சத்தைத் துடைத்தெடுங்கள், அடுத்த துடிப்புக்கு முன் ஐந்து மைக்ரோ நொடிக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள்.

அப்போது இரண்டு டிடெக்டர் வரைபடத்தில் பள்ளத்துக்குப் பதிலாகச் சீரான இடைவெளியில் முகடுகள் நிற்கும், நடு முகடு மட்டும் குட்டையாக இருக்கும். அதன் பரப்பைப் பக்கத்து முகடுகளின் சராசரிப் பரப்பால் வகுங்கள், பின்னணியைக் கழிக்காமல். கழித்த எண்ணையும் பக்கத்தில் போடலாம், ஆனால் கழிக்காத எண்ணே 0.5-க்குக் கீழே இருந்தால் மட்டும் அந்தச் சாம்பிளை அடுத்தவருக்குக் காட்டுங்கள்.